கோதுமை தின்னச் சொன்ன டாக்டர்

என் மகளுக்கு நாலு வயது நடந்துகொண்டிருந்தபோது, இரண்டு வயதில் எடுத்த பாவாடை இன்னும் இடுப்பில் நிற்காமல் நழுவியது. கையும் காலும் குச்சி. நடுவில் வயிறு மட்டும் பண்ணையார் வயிறு. அதைத் தள்ளிக்கொண்டு அவள் டவுண் ரதவீதியில் நடந்தால், எதிரே வருகிற கடைக்கார அண்ணாச்சிகள் மரியாதையாக ஒதுங்கி வழிவிடுவார்கள். வீட்டில் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "எங்க வாகு அப்படி" என்பார் என் கணவர். அவர் வாகு எனக்குத் தெரியும். கல்யாணத்தன்று அவர் உட்கார்ந்ததும் மணைப் பலகை போட்ட சத்தத்தில் நாதஸ்வரக்காரர் ஒரு நொடி வாசிப்பை நிறுத்திவிட்டார்.

பிரச்சினை வாகில் இல்லை, வயிற்றில் இருந்தது. தின்றது எதுவும் பிள்ளையின் உடம்பில் ஒட்டவில்லை. சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடுவாள். அதன் பிறகு வீட்டில் வீசும் வாடையைப் பற்றி விரிவாக எழுதுவது நாகரிகமில்லை. தபால் துறையில் ஓய்வு பெற்று எங்களோடு இருக்கிற என் மாமனார், படித்துக்கொண்டிருந்த செய்தித்தாளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தெருவுக்கு இறங்கிவிடுவார் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

எனக்குப் பொறுமை குறைவு. குழாயில் தண்ணீர் வரவில்லை என்று வருகிறவர்களுக்குப் பதில் சொல்லும் அலுவலகத்தில் எனக்கு வேலை. ஆறு ஊருக்குள்ளேயே ஓடுகிறது, என் வீட்டுக் குழாய்க்கு மட்டும் அதற்கு வழி தெரியவில்லையா என்று காலையிலிருந்து மாலை வரை கேட்பார்கள். அவர்களிடம் காட்ட முடியாத கோபத்தையெல்லாம் சிந்தாமல் சிதறாமல் வீட்டுக்குக் கொண்டுவருவேன். அதை வாங்கிக்கொள்வதற்கு வீட்டில் ஆட்கள் இருந்தார்கள்.

முதலாவது ஆள் என் மதினி. என் கணவரின் அக்கா, எதிர்வீடு. அவர் கணவருக்குத் தூத்துக்குடித் துறைமுகத்தில் வேலை, ஞாயிற்றுக்கிழமைதான் முகத்தைக் காட்டுவார். மகள் வெளியூரில் படிக்கிறாள். நாங்கள் இருவரும் வேலைக்குப் போய்விடுவதால் பகலில் என் பிள்ளை மதினியின் பொறுப்பு. மதினி வேதியியலில் பட்டம் வாங்கியவர். ஆனால் அவருடைய உண்மையான பாடம் பத்தியம். தும்மினால் தயிர் கிடையாது. காலில் கல் தடுக்கினால் கத்தரிக்காய் கிடையாது. கண் சிவந்தால் கருவாடு இருக்கிற தெருவுக்கே போகக் கூடாது. என் பிரசவத்துக்குப் பிறகு அவர் எனக்குப் போட்ட பத்தியத்தில் பூண்டைத் தவிர உலகத்தில் வேறு பொருளே இல்லை என்று நான் நம்ப ஆரம்பித்திருந்தேன்.

பிள்ளைக்கும் மதினிதான் வைத்தியம் பார்த்தார். வெறும் அரிசிக் கஞ்சி, கூட ஒரு சுட்ட அப்பளம். ஆச்சரியம் என்னவென்றால், கஞ்சிப் பத்தியம் நடக்கும்போதெல்லாம் பிள்ளை தேறுவாள். பத்தியத்தை முறித்து வழக்கமான சாப்பாட்டுக்கு வந்தால் பழைய குருடி கதவைத் திறடி. இப்படி ஏறி இறங்கி, மூன்றாவது தடவையாகக் கஞ்சி காய்ச்சி இரண்டு மாதம் ஓடியபோது எனக்குத் தாங்கவில்லை. என் பிள்ளைக்கு என்ன என்று ஒரு பெயராவது எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. வாகு என்ற சொல்லை இந்த வீட்டில் இனி யாராவது சொன்னால் நடக்கிறதே வேறு என்று அறிவித்துவிட்டு, அவளைத் தூக்கிக்கொண்டு பாலம் தாண்டிப் பாளையங்கோட்டைக்குப் போனேன். அங்கே குழந்தைகளின் வயிற்றுக் கோளாறுகளை மட்டும் பார்க்கிற டாக்டர் அம்மா ஒருவர் இருந்தார்.

வழக்கமாக என்ன சாப்பிடுவாள் என்று கேட்டார். நாங்கள் சோற்று ஆட்கள் என்று பெருமையாகச் சொன்னேன். காலையில் என்ன என்றார். இட்லி, தோசை, சில நாள் ரவை உப்புமா. சாயங்காலம் ரஸ்க், பிஸ்கட். ராத்திரி பல நாள் சேமியா, இல்லையென்றால் தெருமுனைக் கடைப் புரோட்டாவைப் பிய்த்துச் சால்னாவில் ஊறப்போட்டது. டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டு, அரிசியை எப்போது சாப்பிடுவாள் என்று கேட்டார். நான் சொன்னதில் பாதிக்கு மேல் கோதுமை என்று அவர் சொல்லித்தான் எனக்கு உறைத்தது. எங்கள் ஊரில் கோதுமைக்கு இரண்டே உருவம். சர்க்கரை இருப்பவர்களுக்குச் சப்பாத்தி, இல்லாதவர்களுக்கு அல்வா. ரவையையும் சேமியாவையும் யாரும் அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை.

கோதுமையில் இருக்கிற ஒரு புரதம் சில பிள்ளைகளுக்கு ஆகாது என்றார் டாக்டர். அது உள்ளே போனால் உடம்பு அதோடு சண்டை போடுகிறேன் பேர்வழி என்று தன் குடலையே அரித்துவிடுமாம். சீலியாக் என்று பெயர். மாத்திரை, மருந்து, ஊசி எதுவும் கிடையாது. ஆயுசுக்கும் கோதுமையைத் தொடாமல் இருந்தால் சரியாக இருக்கலாம். எனக்கு உடனே எழுந்து வீட்டுக்கு ஓடி, இருக்கிற ரவையையெல்லாம் ஆற்றில் கொட்ட வேண்டும் போலிருந்தது. டாக்டர் உட்காரச் சொன்னார். ரத்தம் எடுத்துப் பார்க்காமல் முடிவு செய்யக் கூடாது. ஆனால் இப்போது எடுத்தால் ஒன்றும் தெரியாது.

"கஞ்சியே குடிச்சதால உடம்பு சண்டையை நிறுத்தியிருக்கும். இன்னும் கொஞ்ச வாரத்துக்குத் தினமும் கோதுமை கொடுங்க. ரெண்டு சப்பாத்தி அளவாவது போகணும். அதுக்குப் பிறகு எடுத்தாத்தான் ரத்தத்துல அடையாளம் இருக்கும்" என்றார்.

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னேன். என் கணவர் தலையைச் சொறிந்தார். மாமா என்று நான் கூப்பிடும் மாமனார், டாக்டர் வேறு எதையோ சொல்லியிருப்பார், போக்குவரத்துச் சத்தத்தில் நான் சரியாகக் கேட்டிருக்க மாட்டேன் என்றார். மதினி என்னிடம், டாக்டர் பத்தியம் எதுவும் சொல்லவில்லையா என்று இரண்டு தடவை கேட்டார். இல்லை, எதிர்ப்பத்தியம் சொல்லியிருக்கிறார் என்றேன். எது ஆகாதோ அதையே தின்னச் சொல்கிற டாக்டரை எங்கள் குடும்பம் அதுவரை பார்த்ததில்லை. நான் அலுவலகப் பாணியில் உதாரணம் சொல்லி விளக்கினேன். திருடனைக் கையும் களவுமாகப் பிடிக்க வேண்டுமென்றால் அவன் வீட்டுக்குள் வந்தால்தானே முடியும் என்றேன்.

"திருடனைப் பிடிக்கணும்னு பிள்ளை கழுத்துச் சங்கிலியைக் கழட்டி வாசல்ல வைப்பியோ?" என்றார் மதினி.

பதில் இல்லாதபோது நான் சத்தத்தைக் கூட்டுவேன். எதிலெல்லாம் கோதுமை இருக்கிறது என்று மதினிக்குப் பெரிய வகுப்பே எடுத்தேன். ரவை கோதுமை, சேமியா கோதுமை, ரஸ்க் கோதுமை, பிஸ்கட் கோதுமை. மைதா மரவள்ளிக் கிழங்கு மாவு என்று ஊரில் பாதிப் பேர் சொல்வதை நம்பாதீர்கள், புரோட்டாவும் கோதுமைதான். கட்டிப் பெருங்காயத்தில்கூட மாவு சேர்க்கிறார்கள். மதினி பூண்டை உரித்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். சில இடங்களில் சந்தேகம்கூடக் கேட்டார். படித்த பெண் எவ்வளவு அக்கறையாகக் குறித்துக்கொள்கிறார் என்று நினைத்து மகிழ்ந்தேன். எதிராளியின் அரிவாளை நானே உட்கார்ந்து சாணை பிடித்துக் கொடுத்தேன் என்பது பிறகுதான் தெரிந்தது.

அதற்கப்புறம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. சந்தேகப்பட்டிருக்க வேண்டிய அளவுக்கு ஒழுங்காக நடந்தது. பகலில் பிள்ளைக்குச் சப்பாத்தி கொடுப்பதோடு, நான் களைத்து வருவேன் என்று ராத்திரிக்கும் மதினியே சுட்டு, தூக்குவாளியில் வைத்துக் கொடுத்துவிடுவார். பதினோரு மணிக்குப் பிஸ்கட் கொடுத்தாயிற்றா என்று அலுவலகத்திலிருந்து போன் செய்வேன். கொடுத்தாயிற்று என்பார். பிள்ளை முரண்டு பிடிக்காமல் தின்றாள். ஓட்டம் இல்லை. வயிறு மேலும் வற்றியது. கன்னத்தில் கொஞ்சம் சதை வைத்தது. பாவாடை முதன்முறையாக இடுப்பில் நின்றது.

எனக்கு நிம்மதிக்குப் பதில் பயம் வந்தது. கோதுமை தின்றும் பிள்ளை நன்றாக இருக்கிறாள் என்றால் கோதுமை காரணமில்லை. அப்படியானால் வேறு எது? நான் ராத்திரியெல்லாம் போனில் தேடி, குடல் சம்பந்தப்பட்ட அத்தனை நோய்களையும் அவளுக்குக் கொடுத்துப் பார்த்தேன். என் கணவர் சந்தோஷமாகத் தூங்கினார். கிடைக்கவிருந்த பெயரும் கை நழுவிப் போகிறதே என்று நான் அவர் குறட்டையைக் கேட்டுக்கொண்டு கிடந்தேன்.

சந்தோஷமாக இருந்த இன்னொருவர் மாமா. அவருக்குச் சர்க்கரை உண்டு. ராத்திரி சப்பாத்திதான் சாப்பிட வேண்டும் என்று விதி. அரசாங்கம் தனக்குப் போட்ட தண்டனை என்கிற முகத்தோடு தினமும் இரண்டைப் பிய்த்துப் போடுவார். பிள்ளைக்குச் சப்பாத்தி வர ஆரம்பித்த பிறகு, மருமகள் எதற்குத் தனியாகச் சிரமப்பட வேண்டும் என்று அவரும் மதினியின் தூக்குவாளிக்கே மாறிக்கொண்டார். பிறகு மூன்று என்றார். பிறகு நாலு. சப்பாத்தி இவ்வளவு பதமாகவும் இருக்கும் என்று தன் மகள் கையால்தான் தெரிந்துகொண்டதாக, எனக்குக் காது கேட்கும்படி அடிக்கடி சொன்னார்.

மாதம் தவறாமல் அவருக்குச் சர்க்கரை பார்ப்பது வழக்கம். அந்த மாதம் வந்த முடிவைப் பார்த்துவிட்டு, பரிசோதனை நிலையத்துக்காரர் எனக்குத் தனியாகப் போன் செய்தார். பெரியவர் வெளியே எங்காவது விருந்துக்குப் போனாரா என்று கேட்டார். சர்க்கரை அந்த ஏறு ஏறியிருந்தது.

அன்றைக்கு நடந்த விசாரணையை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பு வரும். மாமாவை நாற்காலியில் உட்கார வைத்து, நானும் என் கணவரும் எதிரே நின்றோம். ரதவீதிக்கு எதற்குப் போனீர்கள், எந்த அல்வாக் கடை, கூட யார் என்று வரிசையாகக் கேட்டோம். என் கணவர் அவருடைய சட்டைப் பையை முகர்ந்து பார்த்தார். மாமாவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"காந்திமதி அம்மன் மேல சத்தியம். நான் தின்னதெல்லாம் சப்பாத்திதான். நீங்க சொன்னதுக்கும் மேலயே தின்னேன்லா" என்றார்.

அவர் பொய்ச் சத்தியம் செய்கிறவர் இல்லை. நாங்கள் மூன்று பேரும் ஒரே நேரத்தில் மேசையிலிருந்த தூக்குவாளியைத் திரும்பிப் பார்த்தோம். நான் ஒரு சப்பாத்தியை எடுத்துப் பிய்த்தேன். கோதுமைச் சப்பாத்தி இழுபட்டுத்தான் கிழியும். இது சட்டென்று விண்டு வந்தது. வாயில் போட்டேன். அருமையாக இருந்தது, அதுதான் ஆத்திரமாக இருந்தது.

மதினி ஒளிக்கவில்லை. கேட்டதும் சொல்லிவிட்டார். வறுத்த பச்சரிசி மாவு, ஒட்டுவதற்குக் கொஞ்சம் மரவள்ளி மாவு, நிறத்துக்கு ஒரு சிட்டிகை கேழ்வரகு மாவு, கொதிக்கிற தண்ணீர் விட்டுப் பிசைந்து, இரும்புக் கல்லில் அங்கங்கே கருகல் விழும்படி சுட வேண்டும். நிறம் சரியாக வருவதற்கு நாலைந்து தடவை செய்து பார்த்தாராம். பட்டப்படிப்பு வீண் போகவில்லை. பிஸ்கட் என்று கொடுத்ததெல்லாம் அரிசி முறுக்கு. என் வகுப்பை ஒரு வார்த்தை விடாமல் மனதில் வைத்திருந்ததால், பெருங்காயத்தைக்கூட அவர் தாளிக்கவில்லை. இத்தனை வாரமும் கோதுமையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் என் பிள்ளை தின்றிருக்கிறாள்.

நான் கத்தினேன். அவர் வீட்டு வாசலில் நின்று தெரு கேட்கக் கத்தினேன். இனி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், இத்தனை வாரம் பாழ், பிள்ளைக்கு என்ன என்று எப்போதுதான் எனக்குத் தெரியும் என்று கேட்டேன். மதினி குரலை உயர்த்தவில்லை.

"சேராதுன்னு தெரிஞ்ச பொறவு பிள்ளை வாயில வைக்கச் சொல்லுதியே, உனக்கு எப்படிட்டி கை வருது?" என்றார்.

எனக்குக் கை வரவில்லை என்பதுதான் உண்மை. மதினி சுட்டுத் தருகிறார், அவரே ஊட்டுகிறார் என்று நான் அவ்வளவு சுலபமாக விட்டுவிட்டதற்குக் காரணமே அதுதான். அன்றைக்கு அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வீட்டுக்கு வந்து குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அன்றைக்குப் பார்த்துத் தண்ணீர் நன்றாக வந்தது.

மறுநாள் மதினியையும் கூட்டிக்கொண்டு டாக்டரிடம் போனேன். அவர் திட்டுவார், கேட்டு ஆனந்தப்படலாம் என்பது என் எண்ணம். டாக்டர் கதையைக் கேட்டுவிட்டு முதலில் சிரித்தார், பிறகு செய்முறையைக் கேட்டார், பிறகு அதை எழுதிக்கொண்டார். மதினி மாவுக் கணக்கு சொல்லும்போது நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நீங்க கொடுத்தது நல்ல சாப்பாடும்மா. ஆனா கொடுத்த மாசம்தான் தப்பு" என்றார் டாக்டர். சந்தேகத்தோடு பிள்ளையை ஆயுசுக்கும் ஒதுக்கி வைத்தால், பத்து வயதில் ஒரு நாள் யாரோ ஒரு புரோட்டாவைக் கொடுப்பார்கள், ஒன்றும் ஆகாது என்று அவளும் தின்பாள், வலி இல்லாவிட்டாலும் உள்ளே குடல் கெடும் என்றார். உறுதியாகத் தெரிந்தால்தான் எல்லோரும் உறுதியாக நிற்பார்கள் என்றார். ரொம்பவும் முடியாமல் போனால் உடனே கொண்டுவரும்படியும் சொன்னார். பேருந்தில் திரும்பி வரும்போது ஆற்றுப் பாலத்தில் வைத்து மதினி, நீயே ஊட்டு, நான் குறுக்கே வரமாட்டேன் என்றார்.

அப்படிச் சொன்னவர் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் வீட்டில் ஒரு பிள்ளை வைத்தியத்தில் இருக்கும்போது யாருமே பத்தியம் இல்லாமல் இருப்பதை அவரால் ஏற்க முடியவில்லை. பிள்ளை பத்தியம் இருக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆகையால் பிள்ளைக்குப் பதிலாகத் தானே இருப்பதாக அறிவித்தார். தயிர் இல்லை, கத்தரிக்காய் இல்லை, மீன் இல்லை, புளி இல்லை. மதினியின் கணவர், துறைமுகத்து அண்ணன், ஞாயிற்றுக்கிழமை நல்ல சீலா மீனோடு வந்து இறங்கினார். அதை நாங்கள்தான் வாங்கிக் குழம்பு வைத்தோம். மனைவிக்கு என்ன சீக்கு என்று கேட்டார். ஒரு சீக்கும் இல்லை என்றோம். அப்புறம் எதற்குப் பத்தியம் என்றார். பிள்ளைக்காக என்றோம். அவர் ஒரு வாய் சுட்ட அப்பளத்தைக் கடித்துவிட்டு எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்துவிட்டார்.

மாமாவும் பழைய சப்பாத்திக்குத் திரும்பினார். என் கையால் சுட்டது, அசல் கோதுமை. தண்டனைக் காலம் நீட்டிக்கப்பட்டவரைப் போல மென்றார். ஊரில் செய்தி பரவி, வருகிறவர்களெல்லாம் அவரவர் யோசனையைச் சொன்னார்கள். கோதுமைதானே வேண்டும், காலையும் மாலையும் அல்வாவைக் கொடுத்துவிட வேண்டியதுதானே என்று பக்கத்து வீட்டுக்காரர் ஒரு கால் கிலோப் பொட்டலத்தையே கொண்டுவந்தார். ஒரு விள்ளல் வாயில் வைத்ததும் என் மகள் அதைத் துப்பி, எடுத்து, பத்திரமாக அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள். பொட்டலத்தில் மிச்சமிருந்ததை மாமா பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன். பக்கத்து வீட்டுக்காரரிடமே திருப்பி அனுப்பினேன்.

ஊட்டியது நான். முதல் சில நாள் ஒன்றும் இல்லை. புரோட்டாவைச் சின்னச் சின்னதாகப் பிய்த்துச் சால்னாவில் முக்கிக் கொடுப்பேன். சால்னாவை உறிஞ்சிவிட்டு மீதியை என் கையில் துப்புவாள். சப்பாத்திக்குள் சீனியை வைத்துச் சுருட்டினேன். ரவையைக் கேசரியாக்கினேன். பிறகு வயிறு மறுபடி உப்ப ஆரம்பித்தது. மாமா செய்தித்தாளோடு தெருவுக்கு இறங்க ஆரம்பித்தார். பாவாடை மறுபடி வயிற்றிலிருந்து நழுவியது. ராத்திரியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்காருவாள். நான் மடியில் போட்டுத் தடவிக் கொடுப்பேன். காலையில் எழுந்து அதே கையால் மறுபடி மாவு பிசைவேன். அந்த வாரங்களில் எனக்கு என்னையே பிடிக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தட்டை வைத்ததும் அவள் தள்ளிவிட்டாள். அழவில்லை. பெரிய மனுஷி மாதிரி எனக்கு விளக்கம் சொன்னாள்.

"அம்மா, அத்தை சப்பாத்தி நல்ல சப்பாத்தி. நீ தாற சப்பாத்தி உள்ள போய்ச் சண்டை போடுது. வேண்டாம்" என்றாள்.

அதாவது டாக்டர், பரிசோதனை நிலையம், கூகுள் எல்லோருக்கும் முன்னால் நாலு வயதுப் பிள்ளை கண்டுபிடித்துவிட்டாள். ஆனால் அவள் சொன்னதில் எனக்கு உறைத்தது சப்பாத்தி அல்ல. நீ தாற என்று சொன்னாளே, அதுதான். அன்றிலிருந்து நான் எதைக் கொண்டுபோனாலும் என் கையைத்தான் முதலில் பார்த்தாள். வாழைப்பழத்தைக்கூட மதினியிடம் கொண்டுபோய்க் காட்டி, அவர் தலையை ஆட்டிய பிறகுதான் தின்றாள். மதினி நினைத்திருந்தால் அப்போது என்னை ஒரு பார்வை பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. அவருக்குப் பத்தியத்தில் முகமே வற்றிப் போயிருந்தது.

ரத்தம் எடுக்கும் நாள் வந்தது. மாமா மாதாமாதம் ஊசி பார்த்த அனுபவசாலி, அவரைப் பார்த்துப் பிள்ளை பயப்படாமல் இருப்பாள் என்று இருவருக்கும் ஒரே நாளில் ஏற்பாடு செய்திருந்தேன். மாமா முதலில் கையை நீட்டினார். நீட்டியதும் கண்ணை இறுக மூடிக்கொண்டு, பல்லைக் கடித்து, தலையைச் சுவர்ப் பக்கம் திருப்பி முருகனைக் கூப்பிட ஆரம்பித்தார். இத்தனை வருஷமும் இப்படித்தான் எடுத்துக்கொண்டிருக்கிறார் என்பது எங்களுக்குத் தெரியாது. என் மகள் அவர் தொடையில் தட்டிக் கொடுத்து, பைய மூச்சு விடச் சொன்னாள். பிறகு கிழவருக்குத் தைரியம் சொல்வதற்காகத் தன் கையை நீட்டி, ஊசி உள்ளே போவதைக் கண் கொட்டாமல் பார்த்தாள். எடுத்தது போதுமா என்று பரிசோதனை நிலையத்துக்காரரிடம் கேட்டாள். மாமாவுக்குத்தான் சோடா வாங்கிக் கொடுக்க வேண்டியிருந்தது.

ரத்த மாதிரி பெரிய ஊருக்குப் போய் முடிவு வந்தது. அடையாளம் எக்கச்சக்கமாக இருந்தது. குடலையும் ஒரு தடவை நேரில் பார்த்துவிடலாம் என்று, மயக்க மருந்து கொடுத்து வாய்வழியாகக் குழாய் விட்டு, ஒரு துளி சதையும் எடுத்தார்கள். அது வரைக்கும் கோதுமையை நிறுத்தக் கூடாது. மயக்கம் தெளிந்ததும் அவள் முதலில் கேட்டது, உள்ளே சண்டை போட்டவனை வெளியே எடுத்தாயிற்றா என்பதுதான். எடுக்கவில்லை, போட்டோ பிடித்திருக்கிறோம் என்றார் டாக்டர். அவளுக்கு அது திருப்தியாக இல்லை.

எல்லா முடிவும் சேர்ந்து வந்த அன்று டாக்டர் என்னை உட்காரச் சொல்லி, மெதுவாக ஆரம்பித்தார். சீலியாக்தான், சந்தேகமில்லை. இது போகாது. சாகும் வரைக்கும் கூடவே வரும். கல்யாண வீடு, பள்ளிக்கூடம், பயணம் எங்கே போனாலும் கவனமாக இருக்க வேண்டும். அவர் சொல்லிக்கொண்டே போக, நான் சிரிக்க ஆரம்பித்துவிட்டேன். அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. என் ஒரே மகளுக்கு ஆயுசுக்கும் தீராத கோளாறு என்று ஒருவர் சொல்லிக்கொண்டிருக்கிறார், எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. டாக்டர் தண்ணீர் டம்ளரை என் பக்கம் நகர்த்தினார்.

"இன்னைக்கு ராத்திரியில இருந்து கொடுக்க வேண்டாம்லா?" என்று மட்டும் கேட்டேன்.

இனி ஒரு துணுக்குகூட வேண்டாம் என்றார்.

நான் போனில் சொல்லிவிட்டு வீட்டுக்கு வருவதற்குள் மதினி எங்கள் அடுப்படியைக் காலி செய்திருந்தார். ரவை, சேமியா, ரஸ்க், மைதா, பெருங்காயம் எல்லாம் ஒரு சாக்கில் கட்டி வாசலுக்குப் போயிருந்தன. சப்பாத்திக் கட்டையையும் சேர்த்துக் கட்டியிருந்தார். மாமா மட்டும் தன் பங்குக் கோதுமை மாவையும் ஆகாது என்று ஒதுக்கிவிட்டால் நன்றாக இருக்குமே என்று வாதாடிப் பார்த்தார். அவருடைய மாவு தனி டப்பாவில், தனிக் கல்லோடு, மதினி வீட்டுக்கு மாற்றப்பட்டது. மதினி தன் பத்தியத்தை அன்றைக்கே முறித்தார். இரண்டு கரண்டித் தயிரைக் கிண்ணத்தில் போட்டு, நின்றபடியே குடித்தார்.

சாயங்காலம் நான் சோறு பொங்கினேன். பருப்பை மசித்து, நெய் விட்டு, சூடாற விரல்களால் பிசைந்து, தட்டோடு அவள் முன்னால் உட்கார்ந்தேன். ஒரு உருண்டையை எடுத்து நீட்டினேன். அவள் வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். இது சோறு, சப்பாத்தி இல்லை, இனிமேல் அது கிடையாது என்றேன். நம்பவில்லை. தலையைத் திருப்பி மதினியைப் பார்த்தாள். மதினி தலையை ஆட்டவில்லை.

"என்னைய ஏன் பாக்க? உங்க அம்மாகிட்ட கேளு" என்றார்.

அவள் என்னைப் பார்த்தாள். என் கையைப் பார்த்தாள்.

"முதல்ல நீ தின்னு" என்றாள்.

தின்றேன். மென்று, விழுங்கி, வாயைத் திறந்து காட்டினேன். அது போதவில்லை. அவள் எழுந்து வந்து, என் சேலையை விலக்கி, என் வயிற்றில் காதை வைத்தாள். மாமா செய்தித்தாளைத் தாழ்த்தினார். என் கணவர் மின்விசிறியை நிறுத்தினார். நான் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெகுநேரம் கேட்டாள். பிறகு நிமிர்ந்து, என் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, வாயைத் திறந்தாள்.